பாப்பா பாட்டு சிடியும் பக்கத்தில் உட்கார்ந்த ஆச்சியும்

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில், சிவாஜிநகரும் கட்கியும் தாண்டி, முளா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தாபோடி. இராணுவப் பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனையும் இங்கேதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்கியில் 1869-ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை, இந்தப் பக்கம் வடக்கே பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகள். பிழைக்க வந்தவர்களால் நிறைந்த வட்டாரம் இது. அவர்களில் தமிழரும் உண்டு: ஆலை வேலைக்கு வந்தவர்கள், பட்டாளத்தில் மாற்றலாகி வந்தவர்கள், சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பி வந்து சின்னக் கடை போட்டவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மகாராஷ்டிரத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் பேர்.

இப்படி ஒரு வீட்டில் 2000-களின் நடுவில் பிறந்த குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, டிவியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையே நடத்துகிறது. தாபோடியின் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை. ஆகவே கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் திரும்பும்போது, முறுக்கு டின்னோடும் வடகத்தோடும் இன்னொன்றையும் பையில் வைத்துக்கொண்டு வந்தன. அதுதான் பாப்பா பாட்டு சிடி. கார்ட்டூன் குழந்தைகள் ஆடிப் பாடும் தமிழ்ப் பாட்டுகள், காக்கா வடை கதை, தெனாலிராமன், விக்ரமாதித்தன். விசிடி என்பதுதான் அதன் சரியான பெயர் என்றாலும் எல்லோரும் சிடி என்றே சொன்னார்கள். பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. வந்ததா? வந்த வீடுகளில் எதனால் வந்தது? சிறு குழந்தைகளுக்கான அனிமேஷனைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கிற ‘நல்லதா, கெட்டதா’ என்ற கேள்வியைவிட இது பயனுள்ள கேள்வி என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பொருளையே கையில் எடுத்துப் பார்ப்போம். என்னிடம் இருக்கும் ஒன்றின் உறை மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனது. அட்டையில் ஊஞ்சலில் ஒரு பெண்குழந்தை, பின்னால் வானவில், மூலையில் கன்னம் சிவந்த சூரியன். தலைப்பு ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் இருக்கிறது. வட்டத்துக்குள் ‘யு’ என்ற தணிக்கை முத்திரை. பின்னட்டையில் பாட்டுகளின் பட்டியல். நாட்டுப்புறக் குழந்தைப் பாட்டுகளும் ஆங்கில ரைம்ஸின் தமிழாக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கீழே கம்பெனி முகவரி, காப்புரிமை எச்சரிக்கை. பாடியவர் பெயர் இல்லை, பாட்டு எழுதியவர் பெயர் இல்லை, படம் வரைந்தவர் பெயரும் இல்லை. சிடியை ஓட்டிக் கடைசிவரை பார்த்தாலும் இசையமைப்பாளர் ஒருவரின் பெயர் மட்டுமே வந்து போகிறது.

உறையில் என்ன இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. வீடியோ கேசட் திருட்டு பெருகிய பிறகு 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வீடியோ படமாக விற்பது எதுவானாலும், தணிக்கை தேவைப்படுகிற படமென்றால் அதன் சான்றிதழ் நகலும், தயாரித்தவர் பெயர் முகவரியும், உரிமையாளர் பெயர் முகவரியும் அதில் தெரிய வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. வரைந்தவரின் பெயரைப் போடச் சொல்லி அது கேட்கவில்லை. யாரும் போடவும் இல்லை.

இந்த விஷயத்தில் தாபோடிக்கே ஒரு பழைய முன்னோடி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர் பம்பாய் கவர்னரின் இருப்பிடங்களில் ஒன்று. தோட்டத்தில் தாவரவியல் பூங்கா ஒன்றும் இருந்தது. அதை மேற்பார்த்த அலெக்சாண்டர் கிப்ஸன் 1847-க்கும் 1850-க்கும் இடையில் அங்கிருந்த செடிகொடிகளை ஓவியர் ஒருவரைக் கொண்டு வரையச் செய்தார். அந்த ஓவியங்கள் இன்று எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. அன்றைய ஊர்ப்பெயரால் ‘தாபுரி ஓவியங்கள்’ என்றே அழைக்கப்படுகின்றன. ஹென்றி நோல்டி அவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வரையச் சொன்னவரின் பெயர் தெரியும், செடிகளின் லத்தீன் பெயர்கள் தெரியும். வரைந்தவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது. அந்த ஓவியங்களையாவது ஒரு நிறுவனம் காப்பாற்றி வைத்தது.

இனி வட்டுக்கே வருவோம். விசிடி என்ற வடிவத்துக்கான விதிமுறையை பிலிப்ஸ், சோனி உள்ளிட்ட கம்பெனிகள் 1993-ல் வகுத்தன. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடப் படம். நம் நாட்டு டிவி முறைக்கு, படத்தின் அளவு குறுக்கில் 352 புள்ளி, நெடுக்கில் 288 புள்ளி. தரத்தில் பழைய வீடியோ கேசட்டுக்குச் சமம்தான். ஆனால் நாடா சிக்காது, தேயாது, பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவில் இந்த வடிவம் எடுபடவே இல்லை. ஆசியாவில் அது ஆண்டது, காரணம் விலை. பிறகு வந்த டிவிடியில் ஒரே வட்டில் எட்டு மொழி ஒலித்தடங்கள் வரை வைக்க இடம் உண்டு. தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் நான்கையும் ஒரே பாட்டுக்கு வைத்திருந்தால் தாபோடிக் குழந்தைக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! கம்பெனிகளோ மொழிக்கு ஒரு வட்டு என்றே விற்றன. கடைக்காரர் அலமாரியை மொழிவாரியாகத்தான் அடுக்குவார். நாலு மொழிக்காரர் வீடு என்று ஒரு அடுக்கு எந்தக் கடையிலும் கிடையாது.

விலையை உடைத்தது மோசர் பேயர். வெற்றுச் சிடி தயாரிப்பில் பெரிய பெயரெடுத்திருந்த அந்தக் கம்பெனி 2007-ஐ ஒட்டி வீட்டு வீடியோ வணிகத்தில் இறங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அறிவித்தது. அதுவரை நூறும் இருநூறும் கொடுத்து வாங்கியவர்களுக்கு இது நம்ப முடியாத விலை. பெட்டிக்கடையிலும் மளிகைக் கடையிலும் கயிற்றில் சிடி தொங்கத் தொடங்கியது. குழந்தைகள் சிடிக்கு இந்த விலை மிகவும் முக்கியம். பிள்ளை கீறிவிடும், கடித்துவிடும், கீழே போட்டு மிதித்துவிடும் என்ற பயம் நூறு ரூபாய்ப் பொருளில் இருக்கும். முப்பது ரூபாய்ப் பொருளில் இருக்காது.

இந்த வட்டு வருவதற்கு முன் இந்தியக் குழந்தைக்குக் கிடைத்த அனிமேஷன் சொற்பம். புனேயைப் பொறுத்தவரை கதை பிரபாத் ஸ்டூடியோவில் தொடங்குகிறது. ‘ஜம்பு காகா’ என்ற நரிக் கார்ட்டூனை அவர்கள் 1930-களின் நடுவிலேயே எடுத்தார்கள். 1956-ல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன், டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸை வரவழைத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தது; அனிமேட்டர் ராம் மோகன் அப்படி வந்தவர். 1974-ல் விஜயா முளே உருவாக்கி, பீம்சைன் அனிமேஷன் செய்த ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ என்ற சில நிமிடப் படத்தை தூர்தர்ஷன் ஆண்டுக்கணக்கில் போட்டுப் போட்டு ஒரு தலைமுறைக்கே மனப்பாடமாக்கியது. மறு ஒளிபரப்பு என்பது தூர்தர்ஷனுக்கு வேறு படம் இல்லாத வறுமை. ஆனால் குழந்தை விஷயத்தில் அந்த வறுமையே நன்மையாக முடிந்தது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

சென்னையின் கனவு பெரியது. பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000-ல் ‘பாண்டவாஸ்’ என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்து, ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. 2007-ல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ வந்தது. அனிமேஷனைத் திரையரங்குக்குக் கொண்டுபோய் ரஜினி படத்தோடு போட்டிபோட வைக்கும் இந்த முயற்சிகளைப் பற்றி அப்போது பத்திரிகைகளில் நிறைய வந்தது. ஒரு தொழிலாக அவை வேர்விடவில்லை. அதே ஊரில், பத்திரிகைகள் கண்டுகொள்ளாத பாப்பா பாட்டு சிடி வேர்விட்டது. சென்னையின் பெபிள்ஸ் போன்ற நிறுவனங்கள் வட்டுக்கு மேல் வட்டாக வெளியிட்டன. பெங்களூரின் இன்ஃபோபெல்ஸ் மொழிக்கொரு குழந்தையைப் படைத்தது.

ஏன் அது தோற்று இது ஜெயித்தது என்பதைச் சாதாரணக் கணக்கே சொல்லிவிடும். வினாடிக்கு 12 படம் என்று கையால் வரைந்தால் மூன்று நிமிடப் பாட்டுக்கு 2,160 படங்கள் வேண்டும். கணினியில் ஃபிளாஷ் போன்ற மென்பொருள் வந்ததும் குழந்தையின் தலை, கை, கால், கண், வாய் எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, தோல்பாவையை ஆட்டுவதுபோல ஆட்டினால் போதும் என்றாகிவிட்டது. அடுத்த பாட்டுக்கு அதே குழந்தைக்குச் சட்டையை மாற்றினால் சரி. வாயசைவும் எந்தச் சொல்லுக்கும் பொருந்தாமல் திறந்து மூடும் வகைதான். அதனால் எந்த மொழிக்கும் பொருந்தும். ஒருமுறை ஆட்டிய படத்தின்மேல் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று குரலை மட்டும் மாற்றிப் பூசிவிடலாம். பாட்டுக்கும் செலவில்லை. நிலாவைக் கூப்பிடும் பாட்டு, கை வீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு எல்லாம் யார் எழுதியது என்று தெரியாத பொதுச்சொத்து. அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள் அப்படியல்ல. அவர் மறைந்தது 1989-ல். உரிமை அதற்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும். தமிழின் மிகச் சிறந்த குழந்தைக் கவிஞரைவிட ஆங்கில ரைம்ஸின் அவசரத் தமிழாக்கம் சிடிகளில் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தத் தமிழாக்கங்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆங்கில மெட்டுக்குள் தமிழ்ச் சொல்லைத் திணிக்கும்போது குறில் நெடிலாகிறது, நெடில் குறிலாகிறது. பேச்சில் மொழியின் நீட்டலும் குறுக்கலும் பிடிபடுகிற வயதில் உள்ள பிள்ளைக்கு இதைவிடத் தவறான பாடம் இருக்க முடியாது. நாட்டுப்புறப் பாட்டுகள் அப்படியல்ல. அவை வாயிலேயே உருண்டு உருண்டு வழவழப்பானவை. கூடவே உடம்போடு வந்தவை: கையை வீசாமல் கை வீசும் பாட்டைப் பாட முடியாது, மடியில் ஒரு பிள்ளை இல்லாமல் சாய்ந்தாடும் பாட்டுக்கு அர்த்தமில்லை. சிடியில் கையை வீசுவது பொம்மைக் குழந்தை; பார்க்கிற குழந்தை சோபாவில் சாய்ந்து கிடக்கிறது. பாட்டு அப்படியே இருக்க, பாட்டின் பாதி கழன்றுவிடுகிறது.

இனி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். உலகச் சந்தையில் குழந்தை வீடியோவின் பெரிய பெயர் பேபி ஐன்ஸ்டைன். ஜூலி அய்க்னர்-கிளார்க் என்ற அமெரிக்கத் தாய் 1990-களின் பிற்பாதியில் தொடங்கியதை டிஸ்னி 2001-ல் வாங்கியது. 2007-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 8 முதல் 16 மாதக் குழந்தைகளில், நாளுக்கு ஒரு மணிநேரம் இத்தகைய வீடியோ பார்த்தவர்களுக்கு, 90 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலில் ஆறு முதல் எட்டுச் சொல் குறைவாகத் தெரிந்தது என்று எழுதினார்கள். டிஸ்னி கொதித்தது, பல்கலைக்கழகம் மசியவில்லை. பின்னர் அதே தரவை மறுபடி அலசியவர்கள், தீங்கு அவ்வளவு உறுதியில்லை என்று சொன்னார்கள். எப்படியோ, 2009-ல் வட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவதாக டிஸ்னி அறிவித்தது. தீங்கு என்ற வாதத்தை ஒதுக்கிவைத்தாலும் நன்மை உண்டா என்ற கேள்வி நின்றது. 2010-ல் ஜூடி டிலோச்சும் சகாக்களும் அதைச் சோதித்தார்கள். 12 முதல் 18 மாதக் குழந்தைகள் நாலு வாரம் வீடியோ பார்த்தும், பார்க்காத குழந்தைகளைவிடச் சொல் அதிகம் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல், அதே சொற்களை அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் நன்றாகக் கற்றார்கள்.

தாபோடிக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு இதற்கும் முந்தியது. பெட்ரிஷியா குல் 2003-ல் வெளியிட்ட சோதனை அது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன், வீட்டில் கேட்டே அறியாத சீன மொழியில், 12 அமர்வுகள் பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை, அதே ஆட்களை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. திரையைக் குழந்தை ஆர்வத்தோடு பார்க்கத்தான் செய்தது. மொழிதான் உள்ளே போகவில்லை. தமிழ் காதில் விழாத ஊரில் தமிழை வட்டால் ஊட்டிவிடலாம் என்று நினைத்த பெற்றோருக்கு இது நல்ல செய்தியல்ல.

ஆனால் வயது மூன்றைத் தொட்டதும் படம் மாறுகிறது. 1999-ல் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சியை வைத்து ஒரு சோதனை நடந்தது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரு அத்தியாயத்தை ஒருமுறை காட்டினார்கள். சிலருக்கு அதே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து காட்டினார்கள். ஐந்துமுறை பார்த்தவர்களுக்குப் புரிதல் கூடியது. அலுப்பு வரவில்லை, திரையைப் பார்த்து பதில் சொல்வதும் கூவுவதும் நாளுக்கு நாள் அதிகரித்தது. நிக்கலோடியன் அந்த நிகழ்ச்சியின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாரம் முழுக்கத் திரும்பப் போட்டதற்கு இப்படி ஒரு யோசனை பின்னணியில் இருந்தது. பெரியவர்களுக்குத் தலைவலியாகத் தோன்றுகிற அந்தப் பிடிவாதம் — ‘மறுபடி போடு’ — குழந்தை பாடம் படிக்கும் முறை. தூர்தர்ஷனின் வறுமையும் முப்பது ரூபாய் வட்டின் வறுமையும் செய்த உபகாரம் இதுதான். வீட்டில் இருப்பதே மூன்று சிடி. அதில் ஒன்று கீறல் விழுந்து நாலாவது பாட்டில் நின்றுவிடும். மீதி இரண்டை நூறு தடவை பார்த்தாக வேண்டும்.

இன்னும் ஒரு கண்டுபிடிப்பு. நிகழ்ச்சியின் அமைப்பைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்று 2005-ல் லைன்பார்கரும் வாக்கரும் காட்டினார்கள். குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் ‘டோரா’ போன்றவற்றைப் பார்த்த குழந்தைகளுக்குச் சொல்வளம் கூடுதலாக இருந்தது. மழலையிலேயே உளறும் ‘டெலிடப்பீஸ்’ பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. சன் குழுமம் 2007 ஏப்ரலில் தொடங்கிய சுட்டி டிவி தமிழ் பேசும் டோராவைக் கொண்டுவந்தபோது, மூலத்தில் ஸ்பானிஷ் சொல்லித்தந்த அந்தப் பெண் இங்கே ஆங்கிலச் சொல் சொல்லித்தந்தாள். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அது தேவைப்பட்டது. தாபோடிப் பெற்றோருக்குத் தேவை நேர்மாறானது. அதோடு, அப்போது கேபிள்காரர் மனம்வைத்தால்தான் தமிழ்ச் சேனல் அந்தத் தெருவுக்கு வந்தது.

பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்பதும் முழு உண்மையல்ல. டிலோச்சின் சோதனையில் பெற்றோர் தங்கள் போக்கில் கூட உட்கார்ந்து பார்த்ததால் பலன் ஏதும் தெரியவில்லை. 2013-ல் ஸ்ட்ரௌஸும் சகாக்களும் மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடம், வீடியோவை நடுநடுவே நிறுத்தி, ‘இவன் ஏன் அழறான்? அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்கச் சொல்லிப் பழக்கினார்கள். நாலு வாரத்தில் அந்தக் குழந்தைகளின் கதைப் புரிதலும் சொல்வளமும் வழக்கம்போலப் பார்த்தவர்களைவிட முன்னே நின்றன.

இதை எந்த ஆய்வறிக்கையும் படிக்காமல் செய்த ஒருவரைத் தாபோடி ஸ்டேஷன் பக்கத்து வீடு ஒன்றில் பார்த்திருக்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஆச்சி. பேத்திக்கு மூன்றரை வயது இருக்கும். டிவியில் பாப்பா பாட்டு ஓடுகிறது. நாட்டுப்புறப் பாட்டுதான், ஆனால் சிடிக்காரர்கள் நடுவில் ஒரு வரியை மாற்றியிருந்தார்கள், அல்லது ஆச்சி ஊர்ப் பாட்டில் அந்த வரி வேறாக இருந்தது. ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, அவ தப்பாப் படிக்கா. நான் சொல்லுதத கேளு.”

பிள்ளை டிவி பக்கம் கையை நீட்டி, “இல்ல ஆச்சி, இப்படித்தான்” என்றது. ஆச்சி விடவில்லை, தன் வரியைப் பாடினார். பிள்ளை சிடி வரியைப் பாடியது. மாற்றி மாற்றி நாலுமுறை சண்டை. மருமகள் அடுப்படியிலிருந்து வந்து ரிமோட்டில் பாட்டை நிறுத்தி, ஆச்சி வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள், அவளுக்கும் தெரியவில்லை. ஆச்சி விளக்கினார். மாட்டுத் தொழுவம், வைக்கோல், பால் கறக்கும் செம்பு என்று விளக்கம் எங்கெங்கோ போனது. பாட்டு மறுபடி ஓடியபோது பிள்ளை இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் பாடியது.

அந்த வீட்டில் தமிழை நுழைத்தது சிடி என்று சொன்னால் ஆச்சிக்குக் கோபம் வரும். ஆச்சி மட்டுமே என்று சொன்னாலும் சரியாகாது. சிடி இல்லாவிட்டால் அந்தச் சாயங்காலம் தொழுவம் பற்றிய பேச்சுக்கு முகாந்திரமே இருந்திருக்காது. டிவியில் இந்திக் கார்ட்டூன் ஓடியிருக்கும், ஆச்சி அடுத்த அறையில் படுத்திருப்பார். இந்தி தெரியாத பாட்டியும் தமிழ் அரைகுறையான பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பொருளைப் பற்றிச் சண்டை போட ஒரு காரணத்தை அந்த வட்டு தந்தது. நிறுத்தினால் நின்றது. 60 நிமிடத்தில் தானாக முடிந்தது. பாட்டை விற்றதோடு அதன் வியாபாரம் தீர்ந்தது. பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதில் கம்பெனிக்கு அக்கறையே இல்லை.

அதன்பின் வந்த மாற்றத்தில் புனேயே ஒரு பாத்திரம். ரிலையன்ஸ் குழுமத்தின் பிக் அனிமேஷன் இந்த ஊரிலிருந்து ‘லிட்டில் கிருஷ்ணா’ செய்து 2009-ல் நிக் சேனலில் வெளியிட்டது. 2018-ல் ரிலையன்ஸ் அனிமேஷன் டிஸ்கவரி கிட்ஸுக்கு ‘லிட்டில் சிங்கம்’ செய்தது. அந்தச் சிங்கத்தின் பூர்வீகம் சுவாரசியமானது. 2010-ல் ஹரி இயக்கி சூர்யா நடித்த ‘சிங்கம்’ படத்தின் துரைசிங்கம் தூத்துக்குடி மாவட்டத்துப் போலீஸ்காரர். மறு வருடமே ரோஹித் ஷெட்டி அவரை மராத்தியரான பாஜிராவ் சிங்கமாக்கி இந்திக்குக் கொண்டுபோனார். அந்த பாஜிராவைக் குட்டிப் பையனாக்கி அனிமேஷன் செய்தது புனே ஸ்டூடியோ. டிஸ்கவரி கிட்ஸ் தமிழிலும் ஒளிபரப்பாவதால் அந்தப் பையன் கடைசியில் டப்பிங் தமிழ் பேசத் தொடங்கினான். தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, மும்பை சுற்றி, தாபோடியிலிருந்து சில கிலோமீட்டரில் கார்ட்டூனாகி, மொழிபெயர்ப்பாக தாபோடித் தமிழ் வீட்டுக்குள் நுழைந்த கதை இது. அந்தக் குழந்தைகள் அவனை மராத்திப் பையன் என்று நினைத்தால் தப்பு சொல்ல முடியாது.

யூடியூபோ வட்டின் இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. சென்னையில் 2013-ல் தொடங்கிய சூச்சூ டிவி உலகின் பெரிய குழந்தைச் சேனல்களில் ஒன்றாயிற்று. சிடி போட்ட நிறுவனங்களும் தங்கள் பாட்டுகளை அங்கேயே ஏற்றின. தமிழ்ப் பாட்டு கிடைப்பதில் இப்போது பஞ்சமில்லை. தாபோடி அம்மா ஊருக்குப் போய் வாங்கிவர வேண்டியதில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது, அது தமிழாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இந்தியா முழுதும் இந்தி, ஆங்கில ரைம்ஸுக்குப் பார்வையாளர் அதிகம். இயந்திரம் அந்தப் பக்கம்தான் சாயும். கைபேசித் திரையோ ஒரு குழந்தைக்கு மட்டும் போதுமானது. ஆச்சி எட்டிப் பார்த்தால் தலை இடிக்கும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் வீடியோ அழைப்பு தவிர திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அதில் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருப்பது கவனிக்கத்தக்கது. மறுமுனையில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் காரணம். குல் கண்டதும் அதைத்தான். ஊர் திரும்பிய ஆச்சி இப்போது அந்த வழியாகத்தான் பேத்தியோடு சண்டை போடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

வட்டுகள் என்ன ஆயின? மோசர் பேயர் கடனில் மூழ்கி, 2018-ல் கலைப்புக்கு உத்தரவாகி முடிந்தது. மடிக்கணினிகளில் சிடி போடும் இடம் மறைந்துவிட்டது. 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் இருப்பது இதே புனேயில், லா காலேஜ் ரோட்டில். ஆனால் திரையரங்குக்கு வராத பாப்பா பாட்டைச் சினிமா என்று யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? புத்தகம் அச்சிட்டால் பிரதியைத் தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று 1954-ன் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2000-களில் தமிழ்க் குழந்தைகள் எந்தப் பாட்டை எந்தச் சொல்லில் கேட்டு வளர்ந்தார்கள் என்று 2050-ல் ஓர் ஆய்வாளர் கேட்டால் காட்டுவதற்கு இருப்பவை வீட்டுப் பரண்களில் மட்டுமே.

நகலெடுத்துக் காப்பாற்றுவது எளிது. வட்டைக் கணினியில் போட்டால் ‘எம்பெக்ஏவி’ என்ற பெயரில் ஒரு கோப்புறை தெரியும். அதற்குள்ளே பாட்டுகள் கோப்புகளாக இருக்கும். இழுத்துப் போட்டுக்கொள்ள சில நிமிடம் போதும். சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. 2012-ல் வந்த திருத்தம், வணிக நோக்கமில்லாத பொது நூலகங்கள் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம் என்று அனுமதித்தது. அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: நூலகத்தின் கைவசம் ஏற்கெனவே இருப்பது டிஜிட்டல் அல்லாத பிரதியாக இருக்க வேண்டும். நாடாவில் இருக்கும் பாட்டை ஒரு நூலகம் காப்பாற்றலாம். விசிடி பிறந்ததே டிஜிட்டலாக என்பதால் அந்தச் சலுகை அதை எட்டவில்லை. அனுமதி கேட்கலாம் என்றால், உறையில் முகவரி அச்சிட்ட கம்பெனிகள் எல்லாம் இன்று அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2006-ல் வெளிவந்த சிடிக்குக் காப்புரிமை 2066 முடியும்வரை இருக்கிறது.